சென்னை – சிங்கப்பூர்: பறப்பது நாலேகால் மணி நேரம், பயணம் அரை நாள்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று தேடினால் ஒரே வரியில் பதில் கிடைக்கும். வான்வழியில் சுமார் 2,900 கிலோமீட்டர், நேரடி விமானத்தில் நாலேகால் முதல் நாலரை மணி நேரம். பதில் சரிதான். ஆனால் இதை மட்டும் வைத்துத் திட்டம் போட்டவர்கள்தான் தேதி மாறி ஏர்போர்ட்டுக்கு வருகிறார்கள், விடிகாலையில் இறங்கிவிட்டு ஹோட்டல் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஊரிலிருந்து ஆட்களை வரவழைப்பதும் திருப்பி அனுப்புவதுமாக அலைந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இந்தியப் பாஸ்போர்ட்டில் முதல்முறை வருகிறவர்களுக்கானது இது.

1. முதலில் கடிகாரம்

சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் சென்னைக் கணக்கு, இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கணக்கு. இரவு 11.30க்குப் புறப்பட்டு காலை 6.20க்குச் சேரும் என்று போட்டிருந்தால், ஏழு மணி நேரப் பயணம் என்று பலரும் நினைக்கிறார்கள். இரண்டரையைக் கழித்தால் 4 மணி 20 நிமிடம்தான். திரும்பும்போது இதே கணக்கு தலைகீழ். மாலை 7.00க்குக் கிளம்பி இரவு 8.50க்குச் சென்னை என்றிருக்கும், இரண்டரையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்த 4 மணி 20 நிமிடமும் வானத்தில் இருக்கும் நேரம் இல்லை. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்பது வரைக்குமான கணக்கு அது. ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அதில் அடக்கம். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் 2,900 கிலோமீட்டரை வகுத்துப் பார்த்துவிட்டு, “மூன்றரை மணி நேரம்தானே வர வேண்டும்?” என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் அந்த வேகத்தில் நடப்பதில்லை.

வழி கிட்டத்தட்ட நேர்க்கோடுதான். வங்கக் கடலைக் குறுக்கே கடந்து, நிக்கோபார் தீவுகளின் தெற்கு ஓரத்தையும் சுமத்ராவின் வடமுனையையும் தொட்டாற்போலப் போய், மலாக்கா நீரிணை வழியாக இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து வலுவான காற்று வீசும். அந்த மாதங்களில் போகும்போது சில நிமிடங்கள் கூடலாம், வரும்போது குறையலாம். ஏர்பஸ் 320 போன்ற சின்ன விமானமா, அகலமான பெரிய விமானமா என்பதால் நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை. கால் நீட்டும் வசதியில்தான் மாற்றம்.

2. நள்ளிரவு விமானமும் தேதியும்

இந்த வழித்தடத்தில் இரவு விமானங்கள் அதிகம். அதனால் இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.50 என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை. 15ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும், பணமும் பெரும்பாலும் போயிருக்கும். வீட்டில் பெரியவர்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுக்கிறீர்கள் என்றால், “14ஆம் தேதி, வியாழக்கிழமை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்கணும்” என்று கிழமையோடு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் டிக்கெட்டை அனுப்பினால் மட்டும் போதாது.

இரவு 11 மணி விமானத்தில் சிக்கல் வேறு மாதிரி. புறப்படுவது 14, இறங்குவது 15. ஹோட்டல் அறையை 15ஆம் தேதியிலிருந்து எடுத்திருந்தால் மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் சாவி கிடைக்கும். காலை ஆறு மணிக்கு இறங்குகிறவருக்கு இது கொடுமை. பெட்டியை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முந்தின நாள், அதாவது 14ஆம் தேதி இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுங்கள். கூடவே இன்னொன்று: இரவுச் சாப்பாடு கொடுத்து, விளக்கை அணைத்து, மறுபடி இறங்கத் தயாராகும் வரை தூங்கக் கிடைப்பது இரண்டரை மணி நேரம்தான். வேலைக்கான நேர்காணலோ மருத்துவமனைச் சந்திப்போ இருந்தால் அதே காலையில் வைக்காதீர்கள்.

3. எந்த ஊரிலிருந்து, எந்த வழியாக

சென்னைதான் என்று முடிவு செய்வதற்கு முன் திருச்சியைப் பாருங்கள். திருச்சி–சிங்கப்பூர் தூரமும் ஏறக்குறைய அதே அளவு, மூவாயிரம் கிலோமீட்டருக்குள்தான். பறக்கும் நேரமும் அதே நாலேகால், நாலரை மணி. தஞ்சாவூர், புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் சென்னை டிக்கெட் ஆயிரம், இரண்டாயிரம் குறைவு என்பதற்காக ஆறு மணி நேரம் பஸ்ஸில் வருவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. மதுரையிலும் கோவையிலும் நேரடிச் சேவை உண்டு. ஆனால் நாட்கள் குறைவாக இருக்கலாம், அட்டவணையும் பருவத்துக்குப் பருவம் மாறும்.

மாறிப் போகும் விமானங்களில் கோலாலம்பூர் வழி ஆசை காட்டும். வரைபடத்தில் கோலாலம்பூர் நேர் வழியிலேயே இருக்கிறது. சென்னை–கோலாலம்பூர் சுமார் 2,630 கிலோமீட்டர், அங்கிருந்து சிங்கப்பூர் 300 கிலோமீட்டர். கூட்டினால் நேரடித் தூரமேதான். ஆனால் நேரம் எட்டு, பத்து மணி ஆகிவிடும். கொழும்பு வழியாகப் போனால் தூரமே 3,400 கிலோமீட்டர்.

முக்கியமான எச்சரிக்கை: இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்து கோலாலம்பூரில் நீங்களே மாறுவது. மலிவாகத் தெரியும். அங்கே பெட்டியை எடுத்து, மலேசியாவுக்குள் நுழைந்து, மறுபடி வெளியேறி, ஒருவேளை வேறு முனையத்துக்கும் போக வேண்டியிருக்கும். மலேசியாவுக்கான டிஜிட்டல் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. முதல்முறை போகிறவர்கள் நேரடி விமானமே எடுங்கள். நிறுத்தம் உள்ள விமானம்தான் என்றால் இரண்டு பகுதியும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் இருக்க வேண்டும்.

மதுரையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ உள்நாட்டு விமானத்தில் சென்னை வந்து மாறுகிறவர்களுக்கும் இதே கதைதான். தனி டிக்கெட் என்றால் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்நாட்டு முனையத்திலிருந்து சர்வதேச முனையத்துக்கு வர வேண்டும். உள்நாட்டு டிக்கெட்டில் வழக்கமாக 15 கிலோதான் என்பதையும் மறக்காதீர்கள். சிங்கப்பூர் டிக்கெட்டில் 25, 30 கிலோ இருக்கிறதே என்று பெட்டியை நிரப்பினால் மதுரையிலேயே கூடுதல் பணம் கட்டுவீர்கள்.

விலை எகிறும் காலங்கள்: பொங்கல், தீபாவளி, நம் ஊர் மே விடுமுறை, சிங்கப்பூர்ப் பள்ளிகளின் ஜூன் விடுமுறை, அப்புறம் நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடிய. இந்த மாதங்களில் போவது உறுதி என்றால் டிக்கெட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

4. பெயர்: நம்மவர்களுக்கே உரிய சிக்கல்

நம் பாஸ்போர்ட்டுகளில் பலவற்றில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். சிலவற்றில் அப்பா பெயர் அந்தக் கட்டத்தில் இருக்கும், சிலவற்றில் இன்ஷியலே பெயரோடு ஒட்டியிருக்கும். விமான நிறுவனத்தின் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கேட்கும், காலியாக விடாது.

ஆதாரில் எப்படி, ரேஷன் கார்டில் எப்படி என்பதெல்லாம் இங்கே பேச்சில்லை. பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகள் மட்டுமே. இன்ஷியலாக இருந்தால் இன்ஷியல், விரித்து எழுதியிருந்தால் விரித்து. ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதச் சொல்கின்றன, சில வேறு முறை வைத்திருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் விதியைப் படியுங்கள் அல்லது தொலைபேசியில் கேளுங்கள். கட்டிய பிறகு பெயர் திருத்தம் என்றால் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி என்று வந்துவிட்டால் கவுன்டரில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

5. விசா

இந்தியக் குடிமக்களுக்கு விசா கட்டாயம். பாஸ்போர்ட் சிங்கப்பூரில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ஐந்தரை மாதம் இருக்கிறதே என்று வாதாடிப் பயனில்லை, சென்னையிலேயே ஏற்ற மாட்டார்கள்.

விண்ணப்பிக்க இரண்டு வழி. ஒன்று, அங்கீகாரம் பெற்ற விசா முகவர். இன்னொன்று, சிங்கப்பூரில் இருக்கும் உறவினரோ நண்பரோ 21 வயது நிரம்பிய குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், அவரே சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் இணையச் சேவைகளுக்கான மின்னணு அடையாளக் கணக்கு) வழியாக உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். அரசுக் கட்டணம் இரண்டிலும் 30 வெள்ளி. (இங்கே டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறோம்.) விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்ப வராது. முகவர் அதற்கு மேல் தன் கூலியைச் சேர்ப்பார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொகை சொல்வதால், “எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உறவினரால் முடியும் என்றால் அந்த வழியே நல்லது. செலவு குறைவு என்பதோடு, விண்ணப்பத்தின் நிலையையும் நேரடியாகப் பார்க்கலாம்.

தேவைப்படுவன: 14ஏ விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தின் நகல், புகைப்படம், போக-வர டிக்கெட் விவரம், தங்குமிடம். முகவர்கள் வங்கிக் கணக்கு அறிக்கையும் வேலைச் சான்றும் கேட்பார்கள். உறவினரைப் பார்க்க வருகிறவர்களிடம் வி39ஏ என்னும் அறிமுகக் கடிதமும் கேட்பதுண்டு. புகைப்படத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள். வெள்ளைப் பின்னணி, மூன்று மாதத்துக்குள் எடுத்தது, 35க்கு 45 மில்லிமீட்டர், ஓரத்தில் பட்டை கூடாது. பழைய பாஸ்போர்ட் புகைப்படத்தையே ஸ்கேன் செய்து அனுப்பினால் திரும்பி வரும், நாலைந்து நாள் வீண்.

எப்போது விண்ணப்பிப்பது? பயணத்துக்கு முந்தைய 30 நாட்களுக்குள். பெரும்பாலும் மூன்று வேலை நாளில் முடிவு வந்துவிடும், விண்ணப்பித்த நாளும் சனி, ஞாயிறும் கணக்கில் சேராது. கூடுதல் விவரம் கேட்டால் இன்னும் இழுக்கும். மூன்று வாரம் முன்பாகக் கொடுத்துவிடுவது நிம்மதி. விசா மின்னணு வடிவில் வரும், அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு வருடம் செல்லும் என்று போட்டிருந்தாலும் இரண்டு வருடம் தங்கலாம் என்று பொருள் இல்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை இறங்கிய பிறகு குடிநுழைவு அதிகாரிகள்தான் முடிவு செய்வார்கள்.

வேலைக்கு வருகிறவர்களுக்கு நிறுவனம் அனுப்பும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதமே நுழைவுக்குப் போதும். அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை என்னும் குறிப்பு) இருக்கிறதே என்று பயப்படுகிறவர்களுக்கு: குடிபெயர்வு அனுமதி கட்டாயமான நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. அதை வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

6. எஸ்ஜி வருகை அட்டை

இது விசா இல்லை. விசா உள்ளவர்களும், வேலைக்கு வருகிறவர்களும் நிரப்ப வேண்டிய மின்னணுப் படிவம். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். 15ஆம் தேதி இறங்கினால் 13ஆம் தேதியிலிருந்து நிரப்பலாம். அதற்கு முன் முயன்றால் ஏற்காது.

கட்டணம் கிடையாது. கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் சில தளங்கள் இதற்கே ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுகின்றன. பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும். சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்தின் தளம் அல்லது மைஐசிஏ செயலி, இரண்டைத் தவிர வேறெங்கும் போகாதீர்கள். கார்டு எண் கேட்டாலே அது தவறான இடம்.

நிரப்பும்போது வரும் தவறு அதே தேதித் தவறுதான். கேட்பது இறங்கும் தேதி, புறப்படும் தேதி அல்ல. மின்னஞ்சல் முகவரியைச் சரியாகக் கொடுங்கள். இங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எந்தத் தேதி வரை தங்கலாம் என்பது அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். அம்மா அப்பாவுக்கு நிரப்புகிறீர்கள் என்றால் உங்கள் முகவரியையே கொடுங்கள்.

7. பெட்டிக்குள் என்ன போகலாம்

ஊறுகாய், நெய், எண்ணெய் எல்லாம் பெரிய பெட்டியில். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது, ஊறுகாயையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். மிளகாய்த் தூளும் கைப்பையில் வேண்டாம். கொப்பரைத் தேங்காய் எதிலுமே கூடாது, எண்ணெய்ப் பிடிப்பால் எளிதில் தீப்பற்றும் என்று சென்னையிலேயே எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவும் கூடாது.

சிங்கப்பூர்ப் பக்கம் இன்னும் கறார். சூயிங்கம், மெல்லும் புகையிலை, மின்சிகரெட் மூன்றுக்கும் தடை. சிகரெட்டுக்கு வரிவிலக்கு ஒரு குச்சிக்குக்கூட இல்லை, கொண்டுவந்தால் அறிவித்து வரி கட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து இறைச்சி, கருவாட்டுப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. யாரும் எதிர்பார்க்காதது கசகசா. குருமாவுக்கு என்று ஒரு பொட்டலம் அம்மா வைத்துவிடுவார். இங்கே அது போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது, எடுத்துவிடுங்கள். மாத்திரைகள் மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுவாருங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் தூக்க மாத்திரையும் முன் அனுமதி இல்லாமல் கூடாது.

கனமான நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள் சென்னைச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பும்போது அது உங்கள் பழைய நகை என்று காட்டுவது எளிது. இந்திய ரூபாய் 25,000க்கு மேல் கையில் எடுத்துப் போகக் கூடாது.

8. கிளம்பும் நாள்

மூன்று மணி நேரம் முன்பு ஏர்போர்ட்டில் இருங்கள். கவுன்டர் விமானம் புறப்படக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். சர்வதேச விமானங்கள் சென்னையில் இரண்டாம் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. மெட்ரோவில் வரலாம், திரிசூலம் மின்சார ரயிலும் எதிரிலேயே நிற்கும். வாசலில் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள், வழியனுப்ப வருகிறவர்கள் வெளியே நின்றுவிட வேண்டும். அதனால் பெரியவர்களிடம் எல்லாத் தாளையும் ஒரே உறையில் கொடுத்துவிடுங்கள். கைபேசியை மட்டும் நம்பினால் சார்ஜ் தீரும் நேரம் சரியாக இமிகிரேஷன் வரிசையாக இருக்கும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல், மழை. சில வருடங்களில் ஓடுபாதையையே மூடியிருக்கிறார்கள். போகிப் பண்டிகைக் காலையில் புகைமூட்டத்தால் தாமதம் வழக்கம். இந்த நாட்களில் சிங்கப்பூரில் இறங்கியதும் இன்னொரு விமானம் பிடிப்பது போன்ற திட்டம் வேண்டாம்.

9. சாங்கியில்

ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ராப் பக்கமிருந்து இடிமழை வரிசை கட்டி வரும். விமானம் வட்டமடித்துக் காத்திருந்தால் அதுதான் காரணம். இறங்கிய பின் தானியங்கி வாயிலில் பாஸ்போர்ட்டை வைத்து, கேமராவைப் பார்த்தால் முடிந்தது. சிலரை அதிகாரி தனியே கூப்பிட்டு எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்பார். தமிழில் சொன்னாலும் பெரும்பாலும் ஆள் கிடைக்கும். முகவரியும் திரும்பும் டிக்கெட்டும் தாளில் இருக்கட்டும். பெட்டி எடுத்து வெளியே வர முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும்.

எம்ஆர்டி ரயில் காலை ஐந்தரை மணி வாக்கில் தொடங்கும். நகருக்கு இரண்டு, மூன்று வெள்ளிக்குள் போய்விடலாம், தானா மேராவில் மாற வேண்டும். வெளிநாட்டுப் பயன்பாடு திறந்துவைத்த விசா அல்லது மாஸ்டர் வங்கிக் கார்டை வாயிலில் தட்டினாலே போதும், டிக்கெட் வேண்டாம். கார்டில் அந்த வசதியை இந்தியாவிலேயே திறந்துகொண்டு வாருங்கள். இங்கே வந்து திறக்கப் பார்த்தால் ஓடிபி வராமல் போகலாம். டாக்சிக்கு ஏர்போர்ட் கூடுதல் கட்டணம் உண்டு. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை மீட்டரில் பாதித் தொகை கூடுதல். ஐந்தரை மணிக்கு வெளியே வந்துவிட்டால் ஒரு காபி குடித்துவிட்டு ஆறு மணிக்கு ஏறுங்கள்.

10. திரும்பும்போது

சாங்கிக்கும் மூன்று மணி நேரம் முன்பு வாருங்கள். எந்த முனையம் என்பதை முன்பே பாருங்கள், ஒன்று, இரண்டு, மூன்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நான்காவதுக்குத் தனி பஸ் பிடிக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் திரும்பக் கிடைப்பதால் இரவு எட்டு மணிக்குச் சிங்கப்பூரை விட்டாலும் பத்து மணிக்குள் சென்னை. ஆனால் இமிகிரேஷன், பெட்டி, சுங்கம் முடித்து வெளியே வரும்போது மெட்ரோவின் கடைசி ரயில் நேரம் நெருங்கியிருக்கும், இரவு பதினொன்று வாக்கில் சேவை முடிந்துவிடுகிறது. வெளியூர் போகிறவர்கள் அன்றிரவே கிளாம்பாக்கம் போய் பஸ் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டால், முன்பதிவை நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் பஸ்ஸில் வையுங்கள்.